உதைக்கும் கணக்கு

“உங்க சம்பளத்துக்கு இவ்வளவு பிடித்தம் வரவே வராதே! எங்க இருந்து வந்துச்சு?”

கணக்கர் கேட்ட கேள்விக்குக் கட்டிங்காரர் தன் படிவத்தை எட்டிப் பார்த்தார். அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகக் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர்.

கணக்கருக்கு அச்சகத்தில் ‘சில்லறை’ என்று பட்டப்பெயர். ஒரு காசு உதைத்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மேசைமேல் ஓர் அட்டை வைத்திருந்தார்: ‘ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம். அன்று குடும்பத்தோடு இருப்பேன்.’ மூன்று மணிக்குள் எல்லாருடைய வருமான வரிக் கணக்கும் மேனேஜர் மேசைக்குப் போயாக வேண்டும். மணி இரண்டரை.

“இங்க பாருங்க. மாசம் முப்பதாயிரம். சேமநிதிக்குப் பத்து சதவீதம், மூவாயிரம். வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம். கட்டாயமா பிடிக்கிற இந்தப் பணத்துக்கு வரிச் சலுகை உண்டு. நீங்க என்னடான்னா நாப்பத்து நாலாயிரத்து அறுநூத்து நாப்பதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்களா கூடக் கட்டினீங்களா? இங்க அப்படி எதுவும் பதிவாகலையே.”

“இல்லையே சார். வீட்டுலதான் படிவத்தை எழுதினாங்க. பெட்டியில இருந்த தாளையெல்லாம் சேர்த்து...”

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துபோயிற்று. மனைவிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பெட்டியில் இருந்த சேமநிதிச் சான்றிதழ் இரண்டையும் கூட்டி, பின் குத்தி, ஒழுங்காகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் மகராசி!

இரண்டாவது, மெத்தைக் கம்பெனியின் சான்றிதழ். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அங்கே போய் நுரைப்பஞ்சு வெட்டுகிறார். மகளுடைய நர்சிங் படிப்புக்கு அந்தப் பணம்தான். ஆனால் வேறு இடத்தில் வேலை பார்த்தால் அன்றைக்கே சீட்டைக் கிழிப்பது அச்சகத்தின் சட்டம். போன மாதம் பேக்கிங் பகுதி குண்டுவை மதியச் சாப்பாட்டுக்குக்கூட விடாமல் அனுப்பினார்கள்.

கணக்கர் தாளைப் புரட்டினார். மெத்தைக் கம்பெனியின் முத்திரையான இரண்டு தலையணைப் படம் தெரிந்தது. மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் இருந்த கையெழுத்தில் நின்றார். முகம் வெளுத்தது. கையிலிருந்த ஸ்டேப்லர் தாளை விட்டுவிட்டு வலது கட்டைவிரலைக் குத்தியது.

“ஐயோ, ரத்தம் சார்!”

“சத்தம் போடாதீங்க!”

“சார், பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் படிப்பு. மேனேஜருக்குத் தெரிஞ்சா நான் தெருவுலதான்...”

“வாயை மூடுங்கன்னு சொன்னேன்ல!”

கதவு திறந்தது. மேனேஜரேதான். கணக்கர் சட்டென்று அந்தத் தாளை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“என்னய்யா, கணக்கு உதைக்குதா?”

“ஒண்ணுமில்ல சார். கூட்டல்ல சின்னத் தப்பு.”

“உங்களுக்கா? கூட்டல்லயா?” மேனேஜர் சிரித்தார். “விரல்ல என்ன ரத்தம்?”

“ஸ்டேப்லர் சார். மூணு மணிக்கு டாண்ணு கொண்டுவந்துடறேன்.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனார்.

கணக்கர் எழுந்து தாளை எடுத்தார். நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்துத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். தன் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டைவிரலைச் சுற்றிக் கட்டினார்.

“முப்பத்தாறாயிரத்துக்கு மட்டும் இங்க சலுகை போடறேன். மிச்ச எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு நீங்களே வரி ஆபீஸ்ல நேரா கேட்டுக்குங்க. அந்தத் தாள் இனிமே இந்த வாசல்படி ஏறக்கூடாது.”

“கிழிச்சுட்டீங்களே சார். எதை வச்சுக் கேக்கறது?”

கணக்கர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். “அந்தக் கம்பெனியிலயே கேட்டா இன்னொண்ணு கொடுப்பாங்க. போங்க, போங்க.”

கட்டிங்காரருக்குக் கண் கலங்கியது. சட்டம் பேசும் சில்லறை, தனக்காகப் பொய் சொன்னாரே! “உங்க வேலையைப் பணயம் வச்சு என்னைக் காப்பாத்திட்டீங்க. நீங்களும் உங்க குடும்பமும் நல்லா இருக்கணும் சார்.”

கணக்கர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கைக்குட்டையின் மிச்சத்தால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மெத்தைக் கம்பெனியில் வேலை முடிந்ததும், சட்டை முழுக்க நுரைத்தூளோடு கட்டிங்காரர் கூலி வரிசையில் நின்றார். இன்னொரு சான்றிதழை எப்படிக் கேட்பது, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனம் குட்டி போட்ட பூனையாய் அலைந்தது.

இங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்; சேமநிதிச் சான்றிதழில்கூட அந்த எண்தான் இருக்கும். தகரச் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எண் பொறித்த தகட்டை உள்ளே தள்ளினால், உள்ளிருந்து கூலிக் கவர் வரும். உள்ளே இருப்பவரின் முகத்தை இந்த இரண்டு வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை.

அவர் முறை வந்தது. தகட்டைத் தள்ளிவிட்டு, கேட்பதற்காகக் குனிந்தார்.

வாயைத் திறப்பதற்குள் கூலிக் கவரும், அதன்மேல் புத்தம்புதிய சேமநிதிச் சான்றிதழும் சேர்ந்தே வெளியே வந்தன.

அவற்றை நீட்டிய கையின் கட்டைவிரலில் நீலக் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தது.