கயிறு பிடிக்க ஒரு ஆள்

அடைக்கலநாதனுக்கு இரண்டு தோளும் கழன்று விழுகிற மாதிரி நொந்தன. விடியத் தொடங்கி ஐஸ்கட்டி சுமந்த உடம்பு. சோற்றுக் கோப்பையை எடுக்கவே கை எழும்பவில்லை.

பெர்னடெட் கோப்பையை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். குசினி வாசலில் போய் இருந்து, மிளகாய்க்குக் காம்பு உடைக்கத் தொடங்கினாள். கழுத்தில் கறுத்த செபமாலை ஒன்று மட்டும் கிடந்தது.

எதிரே வாங்கில் கிறகோரி. போன வருசத்து ஆடிக் கலவரத்தோடு திருகோணமலையிலிருந்து குருநகருக்கு அகதியாக வந்த சுழியோடி. இதுவரை மூச்சடக்கிச் சங்கு குளித்தவன், நாளைக்கு முதன்முதலாகக் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பாகம், எழுபதடித் தாழ்வுக்கு இறங்கப் போகிறான்.

இடுப்புக் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பது மச்சான்மார்தான். கூடப்பிறந்தவள் அறுதலியாகிவிடக் கூடாதென்று மச்சான்தான் கண் வெட்டாமல் நிற்பான். கிறகோரியின் பெண்சாதி ஒற்றைப் பிள்ளை; அவனுக்குப் பிடிக்க மச்சான் இல்லை.

“தோணிக்காரச் சம்மாட்டி உங்களைத்தான் கேக்கச் சொன்னவர் அண்ணை. அவர் வாங்கின முதல் சிலிண்டருக்கும் நீங்கள்தான் கயிறு பிடிச்சனீங்களாம்.”

“நான் கடலுக்குப் போறேல்லைத் தம்பி. ஆறு வருசமாச்சு.”

“கை மறக்குமே?”

“கை மறவாது. கயிறு அசைஞ்சால் பத்து எண்ண முன்னம் ஆள் மேலை நிப்பான்.”

“அதைத்தான் அண்ணை கதைக்க வந்தனான். சிலிண்டருக்கு அந்த இழுவை சரிவராதாம்.”

கிறகோரி மடியிலிருந்து ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து விரித்தான். சலூனில் முறை பார்த்து இருந்தபோது கிழித்தது. படத்தில் ஒரு மனிதன் வெள்ளைச் சட்டையும் பானை மாதிரித் தலைமூடியுமாய் இருட்டுக்குள் மிதந்தான்.

“ஆர் உவன்?”

“அமெரிக்கன். ஆகாயக் கப்பலை விட்டு வெளியாலை இறங்கி வேலை செய்யிறான்.”

“அங்கையும் சங்கு கிடக்குதோ?”

“உடைஞ்சதைத் திருத்தவாம். உந்தச் சட்டையோடை தண்ணித் தொட்டிக்குள்ளை இறக்கித்தான் பழக்கிறவையாம். ஒரு கொழுக்கியை மாட்டிப்போட்டுத்தான் மற்றதைக் கழட்டலாம்.”

“கயிறு? மச்சானே பிடிக்கிறது?”

“ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. கப்பலிலை கொழுவியிருக்கும்.”

“அப்ப அவனுக்குக் கலியாணம் ஆகேல்லையாக்கும்.”

கிறகோரி சிரித்துவிட்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தான். “‘வெளியே செல்லுமுன் பல மணி நேரம் தூய ஒட்சிசனைச் சுவாசிப்பர். காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகி மனிதன் இறக்கக்கூடும். ஆழ்கடலிலிருந்து விரைவாக மேலே வருபவருக்கும் இதுவே நேரும்.’”

மிளகாய்க் காம்பு உடைத்த கை நின்றது.

“திரும்ப வாசி,” என்றான் அடைக்கலநாதன்.

வாசித்தான்.

“சிலிண்டர் கட்டினவனுக்குமோ?”

“அவனுக்குத்தான் அண்ணை. மூச்சடக்கிப் போறவனைக் கெதியாய் இழுக்கவேணும், இல்லாட்டிச் செத்துப்போவான். சிலிண்டர்க்காரனைக் கெதியாய் இழுத்தால்தான் சாவான். திருமலைத் துறைமுகத்துச் சுழியோடி ஒருத்தனும் இதைத்தான் சொன்னவன். இரண்டு பாகம் எடுக்கிறது, நிப்பாட்டுறது. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுற நேரம் விட்டுப் பிறகு எடுக்கிறது.”

அடைக்கலநாதன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு பிடியும் வாய்க்குப் போகவில்லை.

“கயிறு அசைச்சால்?”

“அசைச்சாலும் மெல்லத்தான்.”

“அசைச்சவன் விடாமல் அசைச்சால்?”

“அப்பவும் மெல்லத்தான் அண்ணை.”

அடைக்கலநாதன் கோப்பைக்குள்ளேயே கையைக் கழுவினான். வைத்த சோறு அப்படியே தண்ணீரில் மிதந்தது.

“இன்னாசித்தம்பியைக் கேள். அவன் சோம்பேறி. மெல்லத்தான் இழுப்பான்.”

“பகிடி விடாதையுங்கோ. என்ரை மனிசிக்கு இது மூண்டாம் மாசம். கை பழகின ஆள் பிடிச்சால்தான் இறங்க விடுவன் எண்டு நிக்கிறா.”

“இன்னாசித்தம்பியைக் கேள்.”

கிறகோரி குசினிப் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நீங்களாவது உங்கடை மனிசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

பெர்னடெட் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

“உவர் என்ரை அண்ணை. அண்டைக்கு அந்த முதல் சிலிண்டரோடை இறங்கினது என்ரை மனிசன். கடல் எடுத்ததெண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தம்.”

கிறகோரியின் கையிலிருந்த பேப்பரை ஒருமுறை பார்த்தாள்.

“உவர் எனக்கு ஒரு மனிசன் கடன், தம்பி.”