சாவி வைத்த சக்

மரம் கடையும் லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் இரண்டை எடுத்து வைத்தார் கடைக்காரர். "இது ரெண்டு கம்பி விட்டு இறுக்கறது சார், விலை கம்மி. இது சாவி போட்டது."

"கம்பிக்கு ரெண்டு கையும் வேணுமா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஆமா. சாவிக்கு ஒரு கை போதும். நாலு தாடையும் சேர்ந்தே வந்து கவ்விடும்."

"அப்போ சாவிதான்."

வாசலோரம் சால்வைக்குள் ஒடுங்கி நின்ற அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாங்க. லேத்தையே வித்துடலாம்னு சொன்னேனே."

ஆசைப்படுகிற மனுஷனுக்கு இப்படி முட்டுக்கட்டை போடுகிறாளே என்று கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. "விடுங்கம்மா, பாவம். எத்தனை வருஷமா கடையறீங்க சார்?"

"நானா? எனக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது. கடையறது இவதான்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்."

கடைக்காரர் அவசரமாக அதைக் கடை லேத்தில் மாட்டினார். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். சால்வை விலகியது. இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

அங்கே கிடந்த ஒரு கட்டையை அந்த முழங்கையால் அணைத்துக்கொண்டு, வலது கையால் சாவியைத் திருகினாள். பிறகு மெல்ல விலகி நின்றாள். கட்டை துளியும் அசையவில்லை.

"ஏங்க, பிடிச்சிடுச்சுங்க!" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டாள்:

"இதுல எவ்வளவு பெரிய கிண்ணம் வரைக்கும் கடையலாம்?"