இடது கைக்காரி

"குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுலயே கை கால் விளங்காம போயிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

பெயிண்டர் உதட்டைப் பிதுக்கினான். "எங்க பக்கம் எல்லாம் இரும்பும்மா. தலைவலின்னு படுத்த ஆளு கிடையாது."

பக்கத்தில் மனைவி தன் பிறந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் படுத்திருந்தாள். ஆறு வயது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல போர்வைமேல் இருந்தது.

மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். வயசானவர்களுக்கு வருவது, பிள்ளைகளுக்கும் வருமாம். சில குடும்பங்களில் ரத்தம் தேவைக்கு மேல் உறையுமாம். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமாம்.

"இன்னொரு தடவை வந்தா குழந்தை தாங்கமாட்டா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா தடுக்கறதுக்கு வழி பாக்கலாம்."

அவன் கண்ணுக்குள் நேற்றுக் காலைதான் நின்றது.

அதுவரை எல்லாவற்றுக்கும் வலது கையை நீட்டிய வாயாடி, நேற்று இடது கையால் பல் தேய்த்தாள். டம்ளரையும் இடது கையால்தான் தூக்கினாள். "திமிரு. வேணும்னே பண்றா" என்று மனைவி கையை ஓங்கினாள்.

அவன் குறுக்கே புகுந்தான். அவனும் இடது கைக்காரன்தான். வேலையிடத்தில் 'எடக்கை' என்றால்தான் அவனைத் தெரியும். ஏணிமேல் நின்று மற்றவர்கள் உடம்பை முறுக்கிக்கொண்டு பூசுகிற பக்கத்தை, அவன் நின்ற வாக்கிலேயே பூசிவிட்டு இறங்குவான். கஷ்டமான ஓரம் என்றால் எடக்கையைக் கூப்பிடு என்பார்கள்.

"விடுடி, அப்பன மாதிரி வர்றா" என்று சிரித்தான். பழைய பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அவள் இடது கையில் கொடுத்தான். சுவரில் ஒரு கோடு இழுத்தாள். அது கோணல்மாணலாகப் போய்க் கீழே வழிந்தது.

அவன் கை தட்டினான்.

வேலைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னான். "இன்னொரு எடக்கையா, எங்க பொழப்பு போச்சு" என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். அந்தச் சந்தோஷத்தில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

டீ கையில் இருக்கும்போதே போன் வந்தது. பிள்ளை விழுந்துவிட்டாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று.

காலையிலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டரம்மா ஒரு தடவைதான் சொன்னார். அவனுக்கு அது போதும்.

இப்போது அவர் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் செருப்புகளை இடது கையில் பிடித்திருந்தான்.

"நீங்க பிறந்ததுலேர்ந்தே இடது கையா?"

"இல்லம்மா, அது ஒரு கூத்து." சட்டென்று அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. "நடக்கப் பழகின வயசுல ஒருக்கா காய்ச்சல்ல சுருண்டு கிடந்தேனாம். தேறி எழுந்து உக்காந்தவன், சாப்பாட்டுத் தட்டுல எடக்கையைத்தான் வச்சேனாம். அடிச்சும் பாத்தாங்களாம், நான் மாத்தலையாம். அந்த வயசுலயே அவ்வளவு பிடிவாதம்!"

சிரித்தது அவன் மட்டும்தான்.

"ரெண்டு கையையும் மேசைமேல வைங்க."

செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நகக்கண்களில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. இடது கையில் மட்டும்.

வலது கை சின்னதாக இருந்தது. மணிக்கட்டு மெலிந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

அதை விரிக்கப் பார்த்தான். முழுசாக விரியவில்லை.

பக்கத்தில் மனைவி, தன் பிறந்த வீட்டு ஆட்களைத் தேடுவதை நிறுத்தியிருந்தாள்.