இரண்டு மணிக்கட்டுகள்

அவள் மணிக்கட்டில் இருந்த கம்ப்யூட்டர், இன்னும் நாற்பது நிமிடம் என்றது.

இருக்காது என்று நினைத்தாள்.

தலைக்கு மேல் ஆறு மீட்டர் தண்ணீர். அதற்கு மேல் படகின் அடிப்பக்கம். அவளும் கணவன் ரொமால்டும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே தொங்கினார்கள். அவர்கள் பார்த்துவிட்டு வந்த கப்பல் கீழே எங்கோ இருட்டில் கிடந்தது.

ஆழத்தில் சுவாசிக்கிற நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்ட பிறகுதான் மேலே போக வேண்டும். அவசரப்பட்டால் கோலி சோடாவை உடைத்த கதைதான். பொங்குவது நரம்புக்குள்ளே.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கடிகாரம் மாதிரி கையில் கட்டிக்கொள்வது. இதற்கு முன் இறங்கி ஏறியதையெல்லாம் மறக்காமல் சேர்த்துக் கணக்குப் போடும்.

அவளுக்கு அது போதாது. அச்சடித்த அட்டவணையை விரித்து, ஆழத்தையும் நேரத்தையும் பொருத்திப் பார்த்து, பிளாஸ்டிக் தகட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டுதான் இறங்குவாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று ரொமால்ட் சிரிப்பான்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளை தகட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் அவளுக்குப் பத்து நிமிடம். அவனுக்கு ஐம்பது. காலையில் கப்பலில் கயிறு கட்டுவதற்காக அவன் தனியாக ஒருமுறை இறங்கி ஏறியிருந்தான். அவள் படகிலேயே இருந்தாள். கயிற்றோடு தொங்கிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அத்தனை நேரம் காற்று போதாது என்று அவனுக்காக அவள் கட்டச் சொன்னது.

இங்கே வந்து சேர்ந்த பத்து நிமிடமும் நீரோட்டத்தில் கயிற்றை விடாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. இப்போதுதான் கையைத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

ரொமால்ட் தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினான். முடிந்தது, மேலே போகலாம் என்றது அது.

பிறகு அவளுடையதைப் பார்த்தான். அவன் கண்கள் சுருங்கின.

அவன் யோசிக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைக் கயிற்றிலிருந்து கழற்றி அவள் இடுப்பில் மாட்டினான். அதன் குழாயை அவள் வாயில் வைத்தான். அவனுடைய சிலிண்டரில் காற்று காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே கிளம்பினான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மதியம் சோற்றுக்கு முன் கையலம்ப இரண்டு பேரும் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்தார்கள். ஒரே மாதிரி. ஒரே கறுப்புப் பட்டை. அவன் ஒன்றை எடுத்துக் கட்டினான். மிச்சமிருந்ததை அவள் கட்டினாள். எந்தக் கை என்று எந்திரத்துக்கு என்ன தெரியும்.

பாய்ந்து அவன் கால் துடுப்பைப் பிடித்தாள். வழுக்கிவிட்டது.

ஆறு மீட்டர் ஒரு தூரமே இல்லை.

அவளும் பின்னாலேயே ஏறினாள். மணிக்கட்டில் அது வீல் வீலென்று கத்தியது. கத்தட்டும். உடனே அவனைத் திரும்ப இறக்கிவிட்டால் வழியுண்டு.

ஏணியில் அவள் தலை தெரிந்ததும் ரொமால்டின் முகம் வெளிறிவிட்டது. அக்குளில் கை கொடுத்து அவளை மேலே தூக்கினான்.

“ஏன் வந்த? நாப்பது நிமிசம் கெடந்துச்சே, ஏம்மா வந்த?”

“இது உங்க கம்ப்யூட்டர். மாறிப்போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் கீழ போணும். இப்பவே போங்க.”

அவன் அவளையே பார்த்தான். அவன் கண்ணில் நீர் கட்டியது.

புதிதாக முக்குளிக்கக் கற்க வருகிறவர்களுக்கு அவன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. காத்திருக்காமல் மேலே வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால் குமிழி மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. படுக்க வை. ஆக்சிஜன் கொடு.

படுக்க வைத்தான். படகிலிருந்த ஆக்சிஜன் முகமூடியை அவள் மூக்கோடும் வாயோடும் சேர்த்து அழுத்தினான்.

“லாசர், கயித்த அறு. எஞ்சினப் போடு.”

படகோட்டி லாசர் இரண்டையும் செய்தான்.

அவள் முகமூடியைத் தள்ளினாள். “காலைல எறங்குனது யாரு? நானா?”

“சரிம்மா. சரி. பேசாத.”

“உங்க உடம்புதாங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல, பாரு.” தன் மணிக்கட்டைக் காட்டினான். குழந்தைக்குக் காட்டுவதுபோல.

அவள் திமிறினாள். திமிறத் திமிற அவன் பயம்தான் கூடியது. முழங்காலால் அவள் கையை அமுக்கிக்கொண்டான். மாதா பேரைச் சொல்லி முணுமுணுத்தான். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு அன்பாக இருந்து அவள் பார்த்ததில்லை. அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

படகு கரையைப் பார்த்து ஓடியது. அவன் இறங்க வேண்டிய ஆழம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

கத்தினால் இன்னும் நம்பமாட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒழுங்காக மூச்சு விட்டாள். அவன் சற்று அமைதியாகட்டும், நிதானமாக முதலிலிருந்து சொல்லலாம் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

முகமூடியை அழுத்தியிருந்த அவன் வலது கை நழுவியது.

அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். விரல்களை மடக்கப் பார்த்தான். இரண்டு முறை உதறினான்.

பிறகு இடது கையால் முகமூடியை எடுத்து அவள் முகத்தில் வைத்து அழுத்தினான்.