இப்பத்தானுக்கு இங்கிலீஷ் என்ன?

“உங்க மனைவியைக் கடைசியா எப்போ பார்த்தீங்கன்னு கேக்கறார்.”

வெல்டர் யோசிக்கவே இல்லை. “இப்பத்தாங்க, கிளம்பறப்ப. பாப்பாவுக்குச் சடை பின்னி விட்டா.”

மொழிபெயர்க்க வந்தவள் மேஜையிலிருந்த ஃபைலை இன்னொரு தடவை பார்த்தாள். அந்த மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

குழந்தைகள் நல அலுவலகத்தில் விசாரணை. “செத்துப்போன என் தங்கச்சிகூடப் பேசறார். ஆளுக்குப் பைத்தியம். பிள்ளையை எங்கிட்ட கொடுங்க” என்று மச்சான் புகார் கொடுத்திருந்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள் மகள். இம்மி பிசகாத இரட்டைச் சடை. அப்பாவின் வலது கையிலோ விரல் நுனி வரைக்கும் தீக்காயக் கட்டு.

வெள்ளைக்கார அதிகாரி பதிலுக்குக் காத்திருந்தார்.

‘ஜஸ்ட் நவ்’ என்றால் பிள்ளை இன்றைக்கே கைவிட்டுப் போகும். ‘ரீசன்ட்லி’ என்றாலும் மாட்டிக்கொள்வார். ‘லாங் அகோ’ பச்சைப் பொய். சொன்னதைச் சொன்னபடி சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

“எ வைல் அகோ” என்றாள். அரை மணி நேரமும் அதில் அடங்கும், ஆறு வருஷமும் அடங்கும்.

அதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மகளை உள்ளே கூப்பிட்டார்.

“யாரோட இருக்கப் போறே? அப்பாவோடயா, மாமாவோடயா?” அவர் கேட்டதை இவள் தமிழில் கேட்டாள்.

“எங்க வீட்லதான்” என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது பிள்ளை.

“அப்பாவிடமே இருக்கட்டும்” என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. வெல்டர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளோடு வெளியேறினார்.

இவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“கொஞ்சம் இருங்க” என்றார் அதிகாரி. தமிழில்!

“அவர் சொன்னது ‘இப்பத்தான்’ இல்லையா? நீங்க ஏன் மாத்தினீங்க?”

அவள் கைப்பையை மறுபடி கீழே வைத்தாள். வேலை போச்சு. “மன்னிச்சிடுங்க சார். உங்களுக்குத் தமிழ் தெரியும்னு...”

“என் மனைவி தமிழ்க்காரி. அவ உயிரோட இருந்த வரைக்கும் நான் ஒரு வார்த்தைகூடக் கத்துக்கலை.”

பேனாவை மூடி வைத்தார்.

“இப்ப தினமும் சாயங்காலம் அவதான் வந்து சொல்லிக் கொடுக்கறா.”