மருந்து அடித்த இடம், பறிக்காதீர்

"மருந்தடிச்ச பழத்தையா போட்டிக்குக் கொண்டுவந்திருக்கே?"

எனிட் போட்ட சத்தத்தில் தீயணைப்பு நிலையக் கூடமே திரும்பிப் பார்த்தது.

பிரியோனி கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். அந்த ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம்தான். காட்டுப் பழத்தைத் தானே பறித்து, சர்க்கரையைக் குறைத்துச் செய்யும் இனிப்புக்கான போட்டி. "ஓடைக்கரையில பறிச்சேன்" என்று நடுவரிடம் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இந்தக் கூச்சல்.

"எந்த இடம்மா? பழைய மரவாடிப் பக்கமா?" என்று கேட்டார் நடுவர் கிளைவ். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சர்க்கரைக்கும் அவருக்கும் நாற்பது வருஷப் பகை.

"ஆமாங்க."

"அங்கதான் கவுன்சில் பலகை மூணு வாரமா தொங்குதே!" என்று பாய்ந்தாள் எனிட். "மருந்து அடித்த இடம், பறிக்காதீர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

டாஸ்மேனியாவில் ப்ளாக்பெர்ரி ஒரு களை. வேலியோரம், ஓடையோரம் எல்லாம் முள்ளும் பழமுமாக மண்டிக் கிடக்கும். கவுன்சில் ஆட்கள் களைக்கொல்லி மருந்தடித்துப் பலகையைக் கட்டிவிட்டால், அந்தப் பக்கம் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள்.

அதனால்தான் எனிட் அங்கே பலகையைக் கட்டினாள்.

ஆமாம், அவளேதான். போன வருஷம் நெடுஞ்சாலையோரம் கழன்று கிடந்த பலகை. ஓடைக்கரைப் பழம் கட்டைவிரல் பருமன் இருக்கும்; சர்க்கரையே கேட்காது. ஐந்து வருஷமாக அவளுக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்தது அந்தப் புதர்தான். இந்த வருஷம் பிரியோனி நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்ததும் எனிட் அந்தப் பலகையைத் தேடி எடுத்தாள். துடைத்து ஓடைக்கரையில் கட்டிவிட்டாள்.

தன் தட்டருகே வைக்கும் அட்டையில் மட்டும் வருஷா வருஷம் 'மலை உச்சியில் பறித்தது' என்று எழுதுவாள். மூட்டுவலியால் தேவாலயத்து நாலு படி ஏற முடியாதவள், பழத்துக்காக மலை ஏறினாளாம். ஊரும் நம்பியது.

பிரியோனி செய்திருந்தது கிரம்பிள்; பழத்தின் மேல் தூவிச் சுட்ட ஓட்ஸ் மொறுமொறுவென்று சிவந்திருந்தது. ஓரத்தில் கருஞ்சிவப்புச் சாறு கொதித்து வழிந்திருந்தது. வாசனையிலேயே எனிட்டுக்குப் புரிந்துவிட்டது, ஆறாவது பரிசு கைநழுவப் போகிறது என்று.

அங்கே மருந்து அடிக்கவே இல்லை என்று எனிட்டுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டால் பரிசு வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"குழந்தைங்க சாப்பிடுற இடம்மா இது. ஆரோக்கியம்னு சொல்லிட்டு விஷத்தை ஊட்டலாமா? கிளைவ், அதைக் குப்பையில போடுங்க!" என்றவளுக்குக் கண்ணீர்கூட வந்தது.

"மன்னிச்சுக்கம்மா. சந்தேகம்னு வந்துட்டா நான் வாயில வைக்க முடியாது" என்று கிளைவ் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு, எனிட்டின் தட்டை இழுத்தார்.

"பரவாயில்லைங்க" என்றாள் பிரியோனி. "ஆனா நான் பலகையைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திங்கட்கிழமை கவுன்சிலுக்குப் போன் போட்டேன்."

எனிட்டின் முகம் சுருங்கியது.

"பேசினவர் பதிவேட்டைப் பார்த்துட்டு, 'அங்க இந்த வருஷம் மருந்தே அடிக்கலையே'ன்னார். அப்புறம்தான் அன்னிக்கு சாயங்காலம் போய்ப் பறிச்சேன்."

"அப்ப பலகையைக் கட்டினது யாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எனிட் கூரையில் எதையோ தேடினாள்.

"அவரும் அதைத்தான் கேட்டார். கடைசியில, 'எங்க ஆளுங்கதான் பலகையைக் கட்டிட்டு அடிக்க மறந்திருப்பாங்க, நல்ல வேளை ஞாபகப்படுத்துனீங்க'ன்னு நன்றி வேற சொன்னார். புதன்கிழமை ரெண்டு பேர் வந்து புதரை முழுக்க மருந்துல நனைச்சுட்டாங்க. நாயோட போனப்ப நானே பார்த்தேன். பலகைதான் ஏற்கெனவே தொங்குதே, புதுசா ஒண்ணும் கட்டலை. இனிமே ஒருத்தரும் அங்க பறிக்க முடியாது. எவ்வளவு நல்ல பழம், வீணாப்போச்சு."

எனிட் தன் தட்டைப் பார்த்தாள்.

அவள் பறித்தது வியாழக்கிழமை. ஓர் இலைகூட வாடியிருக்கவில்லையே!

"திங்கட்கிழமையே பறிச்சுட்டியா? அப்ப உன்னுதையும் ருசி பார்த்துடலாம். முதல்ல மலைப் பழம்" என்று கிளைவ் எனிட்டின் கிரம்பிளைக் கரண்டி நிறைய அள்ளினார். "எனிட், உன் முழங்காலுக்கு ஒரு கோயிலே கட்டணும் போ!"

கூடம் சிரித்தது. கரண்டி மேலே ஏறியது. கிளைவ் வாயைத் திறந்தார்.

இந்த முறை எனிட் யோசிக்கத்தான் செய்தாள். பரிசை நினைத்தாள். நாளைக்கு ஊர் பேசப்போவதை நினைத்தாள். கரண்டி உதட்டைத் தொடும் நேரத்தில், மூட்டுவலியை மறந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். சாறு கிளைவின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது.

"வாயில வைக்காதீங்க! அதுவும் ஓடைக்கரைப் பழம்தான்!"