காட்டிக்கொடுத்தவன்

மர்டோ கதவைத் தட்டவில்லை. உதைத்தார்.

"பின்லே! வெளிய வாடா துரோகி!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கிளாஸ்கோவில் வழக்கமான தூறல். எதிர்வீட்டு ஜன்னல் திரைகள் மெல்ல விலகின.

பின்லே கதவைத் திறந்தார். இருவரும் ஒரே டிப்போவில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். வாசலில் மர்டோ கையில் ஒரு கடிதத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால், மழைக் கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டபடி அவர் மனைவி ரோனா.

"ஏங்க, வாங்க போலாம். தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! இவன் யாருன்னு தெருவுக்கும் தெரியட்டும்!"

கடிதத்தை பின்லேயின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"மூணு சீசன்டா! மூணு சீசனுக்கு நான் கால்பந்து மைதானத்துக்குள்ள காலை வைக்கக் கூடாதாம். கத்தோலிக்கரைக் கேவலமா பாடினேனாம். போலீஸ் கேஸ் வேற. சனிக்கிழமை மேட்சை விட்டா எனக்கு வேற என்னடா இருக்கு?"

"அதுக்கு என் கதவு என்ன பண்ணுச்சு?"

"நடிக்காத. கிளப் ஆபீஸ்ல உக்கார வச்சு வீடியோ காட்டினாங்க. என் குரல், என் வழுக்கை மண்டை, நான் தூக்கின கை, எல்லாம் இருக்கு. மேல் வரிசையிலேர்ந்து எடுத்திருக்கு. ஓரத்துல பாதித் தூண் தெரியுது. அந்தத் தூணை ஒட்டின சீட்டு யாருது? சொல்லுடா, யாருது?"

பின்லே அவருக்குப் பின்னால் நின்ற ரோனாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு இடைவேளையில ஒண்ணா சாப்பிட நீ கீழ வரலை. வேலை இருந்திருக்கும்னு விட்டுட்டேன். என்ன வேலைன்னு இப்பத்தானே தெரியுது!"

"அவரை விடுங்க," என்றாள் ரோனா. "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ரோனா, நீ சும்மா இரும்மா," என்று பின்லே சட்டென்று குறுக்கிட்டார். "இது எனக்கும் இவனுக்கும் உள்ள விஷயம்."

பிறகு மர்டோவை நேராகப் பார்த்தார்.

"ஆமா. நான்தான் எடுத்தேன். நான்தான் அனுப்பினேன்."

மர்டோவின் கையிலிருந்த கடிதம் தாழ்ந்தது. இல்லை என்று சொல்வான் என எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"எங்கப்பா சவப்பெட்டியைத் தோள்ல தூக்கினவன்டா நீ..."

"ஆமா, தூக்கினேன்."

"முந்நூறு பேர் பாடினோம். என்னை மட்டும் ஏன்டா மாட்டி விட்ட?"

"நீ ஆரம்பிச்சாத்தான் அந்த முந்நூறு பேரும் பாடறாங்க. கத்தோலிக்கன் ரத்தத்துல பூட்ஸ் கழுவுவோம்னு முதல் வரியை எடுத்துக் கொடுக்கறது நீதானே? உன் மருமக யாரு? கத்தோலிக்கப் பொண்ணு. உன் பேரன் ஷேமஸ் எந்தச் சர்ச்ல ஞானஸ்நானம் வாங்கினான்? யாரோட ரத்தத்துல கழுவப் போற, சொல்லு!"

"அது பாட்டுடா! வெறும் பாட்டு! என் மருமகளை நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? என் பேரனை நான் தரையில விட்டதுண்டா?"

"வாரத்துல ஆறு நாள் தூக்கி வச்சுக்கற. ஏழாவது நாள் அவன் சாகணும்னு பாடற."

மர்டோ பின்லேயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். ரோனா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். பின்லே திமிறவில்லை.

"அடி. அடிச்சுட்டுப் போ. நானும் யோக்கியன் இல்லை. நாப்பது வருஷமா மைதானத்துல உனக்குப் பின்னாடி உக்காந்து காதுல விழாத மாதிரி இருந்தவன்தான் நான்."

மர்டோ கையை எடுத்தார். வாசல்படியில் காறித் துப்பினார்.

"நான் செத்தாலும் என் சாவுக்கு வந்துடாத. எவன் காட்டிக் கொடுத்தான்னு டிப்போ பசங்க அத்தனை பேருக்கும் சொல்லப் போறேன். இந்த ஊர்ல உன்கூட ஒருத்தன் பீர் குடிக்க மாட்டான்."

திரும்பி விறுவிறுவென்று நடந்தார். ரோனா அங்கேயே நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன.

பின்லே தலையை மட்டும் லேசாக ஆட்டினார். "போம்மா. மழையில நிக்காத."

அவள் போனாள்.

பின்லே கதவைச் சாத்தியதும், உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கட்ரீனா வெடித்தாள்.

"உங்களுக்குப் பைத்தியமா? அன்னிக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்ல இதோ இந்தக் கட்டில்ல கிடந்தீங்க. மைதானம் பக்கமே போகலை! செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி, இருந்த ஒரே சிநேகிதனையும் தொலைச்சுட்டு நிக்கறீங்களே, எதுக்கு?"

பின்லே ஜன்னல் பக்கம் போனார். தெருக்கோடியில் மர்டோ கையை வீசிக் கத்திக்கொண்டே நடந்தார். நாலடி பின்னால் தலையைக் குனிந்தபடி ரோனா.

"கத்தாத கட்ரீனா. அன்னிக்கு என் டிக்கெட்டை வாங்கிட்டுப் போனவ, இப்ப அவன்கூடத்தான் வீட்டுக்குப் போறா."